தைராய்டு மாத்திரை போடுறவங்க லோ கார்ப் டயட் இருக்கலாமா?

(ஒலிப்பதிவின் திருத்திச் சுருக்கிய எழுத்து வடிவம்)

இந்த வாரம் நேரா ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம். 27 வயசு லிசனர் ஒருத்தங்க அனுப்பினது. பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. அவங்க சொன்னதைச் சுருக்கித் தர்றேன்.

"அக்கா, எனக்கு தைராய்டு கம்மியா வேலை செய்யுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சாங்க. தினமும் மாத்திரை போடுறேன். மூணு மாசமா சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாத்தையும் விட்டுட்டு லோ கார்ப்ல இருக்கேன். முதல் வாரமே மூணு கிலோ இறங்குச்சு. அதுக்கப்புறம் மொத்தமா ரெண்டு கிலோதான். இப்ப ஒரு மாசமா எடை அசையவே இல்ல. முடி கொத்துக் கொத்தா கொட்டுது. ஜிம்ல, 'தைராய்டு மாத்திரை போடுற வரைக்கும் உடம்பு இறங்காது'ன்னு சொல்றாங்க. வீடியோவுல ஒருத்தர், கார்பை விட்டா தைராய்டே சரியாயிடும்னு சொல்றார். ஒரு பத்து நாள் மாத்திரையை நிறுத்திப் பார்க்கட்டுமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதல்லயே பதில் சொல்லிடுறேன்: நிறுத்தாதீங்க. நான் டாக்டர் இல்ல, உங்க டோஸை உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா ஏன் நிறுத்தக் கூடாது, எடை ஏன் நின்னுபோச்சு, கார்பைக் குறைக்கிறது தைராய்டை என்ன பண்ணும், இதெல்லாம் புரிஞ்சுகிட்டா உங்க டாக்டர்கிட்ட சரியான கேள்வியைக் கேட்க முடியும். அதுக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல, தைராய்டு என்ன வேலை பார்க்குது?

"எனக்கு தைராய்டு இருக்கு"ன்னு சொல்றோம். எல்லாருக்கும்தான் இருக்கு. கழுத்தோட முன்பக்கத்துல, வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கிற ஒரு சுரப்பி அது. அது தேவையான அளவு சுரக்கலைன்னா, அந்த நிலைமைக்குப் பேரு ஹைப்போதைராய்டிசம். இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். சென்னை உட்பட 8 இந்திய நகரங்கள்ல பெரியவங்களைப் பரிசோதிச்ச ஒரு ஆய்வு 2013ல வெளியாச்சு. அதுல சுமார் 11 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசம் இருந்துச்சு. அவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு, தனக்கு இது இருக்குன்னே அதுவரைக்கும் தெரியாது.

இந்தச் சுரப்பி பெரும்பாலும் டி4ங்கிற ஹார்மோனைத் தயாரிக்குது. ஆனா செல்லுக்குள்ள போய் உண்மையில வேலை பார்க்கிறது டி3. கல்லீரல், சிறுநீரகம், தசை இங்கெல்லாம் டி4ல இருந்து ஒரு அயோடின் அணுவைக் கழட்டி, உடம்பு டி3யா மாத்திக்குது. டி4 சேமிப்புல இருக்கிற பணம்னா, டி3 கையில எடுத்துச் செலவு பண்ற பணம்னு வச்சுக்கோங்க.

டி.எஸ்.ஹெச்.ங்கிறது தைராய்டுல சுரக்கிறதில்ல. மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புற கட்டளை அது. ஹார்மோன் பத்தலைன்னா "இன்னும் சுர, இன்னும் சுர"ன்னு பிட்யூட்டரி சத்தம் போடும். அதனாலதான் தைராய்டு மந்தமானா ரிப்போர்ட்ல டி.எஸ்.ஹெச். ஏறி நிக்குது. நீங்க போடுற லெவோதைராக்ஸின் மாத்திரை வேற ஒண்ணுமில்ல, அதே டி4தான். உங்க சுரப்பி தராததை வெளியில இருந்து தர்றோம், அவ்வளவுதான்.

எடையில தைராய்டோட பங்கு எவ்வளவு?

நிறைய பேர் 15 கிலோ, 20 கிலோ ஏறினதுக்கும் தைராய்டைத்தான் காரணம் சொல்றாங்க. அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்ற கணக்கு வேற. ஹைப்போதைராய்டிசத்தால மட்டும் ஏறுற எடை பொதுவா 5ல இருந்து 10 பவுண்ட், அதாவது சுமார் 2ல இருந்து 4.5 கிலோ வரைக்கும்தான். அதுலயும் பெரும்பகுதி கொழுப்பு இல்ல, உடம்புல தேங்குற உப்பும் தண்ணியும். பாதிப்பு கடுமையா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடலாம்.

இதை ரெண்டு விதமா எடுத்துக்கலாம். "அப்ப மீதி எல்லாம் என் தப்பா?"ன்னு வருத்தப்படலாம். அப்படி எடுத்துக்க வேண்டாம். தூக்கம், வேலை நேரம், ராத்திரி ஆர்டர் பண்ற சாப்பாடு, பி.சி.ஓ.எஸ்., மனஅழுத்தம்னு எடை ஏற எத்தனையோ வழி இருக்கு. இன்னொரு விதமா பார்த்தா இது நல்ல செய்தி. மாத்திரை சரியா வேலை செஞ்சு, டி.எஸ்.ஹெச். நார்மலுக்கு வந்துடுச்சுன்னா, உங்க உடம்பு எடை குறைக்கிற விஷயத்துல மத்தவங்க உடம்பு மாதிரியேதான் நடந்துக்கும்.

ஆகவே ஜிம்ல சொன்னது தலைகீழ். மாத்திரை எடையைப் பிடிச்சு வைக்கிறதில்ல. மாத்திரை இல்லாம இருந்தாத்தான் எடை ஏறும்.

முதல் வாரம் இறங்கின மூணு கிலோ எங்க போச்சு?

நாம சாப்பிடுற மாவுச்சத்துல கொஞ்சத்தை கிளைகோஜனா மாத்தி, கல்லீரல்லயும் தசையிலயும் உடம்பு சேமிச்சு வைக்குது. மொத்தமா அரை கிலோவை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோட சுமார் 3 கிராம் தண்ணியைச் சேர்த்துப் பிடிச்சு வச்சிருக்கு. கார்பை நிறுத்தினதும் அந்தச் சேமிப்பு கரையுது, தண்ணியும் கூடவே வெளியேறுது. இன்சுலின் குறையறதால சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளுது. அந்த மூணு கிலோவுல பெரும்பகுதி இதுதான்.

அதனால உங்க உண்மையான கணக்கு, முதல் வாரத்தைத் தள்ளிவிட்டு, அடுத்து வந்த ரெண்டு கிலோதான். அது கொழுப்பு. அது தோல்வி இல்ல. முதல் வார வேகத்தை மனசுல வச்சுகிட்டு மத்த வாரங்களைப் பார்க்கிறதாலதான் ஏமாத்தமா தெரியுது.

ஒரு மாசமா அசையலையேன்னா, பெரும்பாலும் காரணம் கலோரி. லோ கார்ப்ல பலருக்குப் பசி குறையும், அதனால தானாவே கம்மியா சாப்பிடுவாங்க. ஆனா பழகப் பழக முந்திரி, சீஸ், நெய் ஊத்தின காபின்னு உள்ள வந்துடும். ஒரு டேபிள்ஸ்பூன் நெய்யே சுமார் 120 கலோரி. கார்ப் பூஜ்யம்தான், கலோரி பூஜ்யம் இல்ல.

லோ கார்ப்தான் சிறந்ததான்னு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 609 பேரை வச்சு ஒரு வருஷம் சோதிச்சாங்க. 2018ல முடிவு வந்துச்சு. கொழுப்பைக் குறைச்சவங்க சராசரியா 5.3 கிலோ, கார்பைக் குறைச்சவங்க சராசரியா 6 கிலோ இறங்கியிருந்தாங்க. புள்ளியியல்படி பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. இது தைராய்டு உள்ளவங்களுக்குன்னு நடத்தின ஆய்வு இல்ல. ஆனா அதுல இருந்து ஒரு விஷயம் எடுத்துக்கலாம். ஒவ்வொரு குழுவுக்குள்ளயும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் ரொம்பப் பெருசா இருந்துச்சு. அதனால "எந்த டயட்?"ங்கிறதை விட "எதை நான் ஒரு வருஷம் கழிச்சும் சாப்பிட்டுகிட்டு இருப்பேன்?"னு கேட்கிறதுதான் பிரயோஜனம்.

கார்பைக் குறைச்சா தைராய்டு கெட்டுப்போகுமா?

இதுக்கு இணையத்துல ரெண்டு கட்சி. ஒண்ணு, "லோ கார்ப் தைராய்டைக் குணப்படுத்தும்". இன்னொண்ணு, "லோ கார்ப் தைராய்டைக் கொன்னுடும்". ரெண்டுமே மிகை.

உண்மை என்னன்னா, பட்டினி கிடந்தாலோ, சாப்பாட்டை ரொம்பக் குறைச்சாலோ, உடம்பு டி3 அளவைக் குறைச்சுக்கும். கலோரி ஒரே அளவா இருந்தாலும், மாவுச்சத்து இல்லாத சாப்பாட்டுல டி3 இன்னும் அதிகமா இறங்குதுன்னு 1970கள்லயே ஆய்வாளர்கள் கவனிச்சிருக்காங்க. வரவு குறைஞ்சா வீட்டுச் செலவைச் சுருக்குறோம் இல்லையா, அதே மாதிரிதான். ஆனா அந்த நேரத்துல டி.எஸ்.ஹெச். பெரும்பாலும் நார்மலாவே இருக்கும். அதாவது சுரப்பி நோய்ப்படல, உடம்பு சிக்கனமா இருக்கு. மறுபடி போதுமான அளவு சாப்பிட்டா டி3யும் ஏறிடும்.

அதனால டயட்ல இருக்கும்போது டி3 மட்டும் கொஞ்சம் குறைஞ்ச ரிப்போர்ட்டைப் பார்த்து, "மாத்திரை பத்தல"ன்னு நாமளே டோஸைக் கூட்டிடக் கூடாது. தேவைக்கு மேல தைராய்டு ஹார்மோன் போனா நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயும், தசை கரையும். எடை குறைக்கிறதுக்காக இந்த மாத்திரையைப் பயன்படுத்தக் கூடாதுன்னு அமெரிக்காவுல மருந்துக் குறிப்புலயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்காங்க.

குணமாகுமாங்கிற கேள்விக்கு வர்றேன். உப்புல போதுமான அயோடின் கிடைக்கிற இடங்கள்ல ஹைப்போதைராய்டிசத்துக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912ல விவரிச்சது. நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே நம்ம சுரப்பியைத் தாக்குது. அப்படிச் சிதைஞ்ச சுரப்பியைச் சோறு நிறுத்தித் திருப்பிக் கொண்டுவர முடியாது.

முடி கொட்டுறதுக்கு யார் காரணம்?

குழப்பம் அதிகமா வர்ற இடம் இதுதான். ஹைப்போதைராய்டிசத்தோட அறிகுறிகளைச் சொல்றேன்: சோர்வு, குளிர் தாங்காதது, மலச்சிக்கல், முடி கொட்டுறது, பீரியட்ஸ் மாறுறது. இப்ப சாப்பாட்டை வேகமா குறைச்சவங்களுக்கு வர்ற பிரச்சினைகள்: சோர்வு, குளிர், மலச்சிக்கல், முடி கொட்டுறது, பீரியட்ஸ் மாறுறது. அதே பட்டியல்!

எடை வேகமா இறங்கினா ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்தா கொட்டுறது சகஜம். நீங்க டயட் ஆரம்பிச்சு மூணு மாசம்னு சொல்றீங்க. கணக்கு சரியா பொருந்துது. இரும்புச்சத்துக் குறைவும் காரணமா இருக்கலாம், தைராய்டும் காரணமா இருக்கலாம். ரத்தப் பரிசோதனை பண்ணாம உணர்வை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது.

இங்க ஒரு பொறி இருக்கு. முடி கொட்டுதுன்னா நாம என்ன பண்றோம்? பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுறோம். அதிக அளவு பயோட்டின், பல லேப்கள்ல பயன்படுத்துற தைராய்டு பரிசோதனையையே குழப்பிடும். டி.எஸ்.ஹெச். இருக்கிறதை விடக் குறைவாவும், டி4 கூடுதலாவும் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவங்களுக்கு டோஸ் ஜாஸ்தியான மாதிரி தெரியும். டோஸைக் குறைப்பாங்க. முடி இன்னும் கொட்டும். அதனால பரிசோதனைக்குக் குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே பயோட்டினை நிறுத்துங்க. நீங்க போடுற எல்லா சப்ளிமென்ட்டையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மாத்திரையும் காலைக் காபியும்

நேத்து வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்ச மாத்திரை, டயட் மாறினதும் சரியா உறிஞ்சப்படாமப் போகலாம். லெவோதைராக்ஸினை வெறும் வயித்துல, தண்ணியோட, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். ஃபில்டர் காபியும் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான். மாத்திரையை வாயில போட்டு, காபி டம்ளரைக் கையில எடுக்கிற வீடுகள் நிறைய. அந்தக் காபி மாத்திரையோட பலனைக் குறைச்சிடும்.

லோ கார்ப்ல புதுசா உள்ள வர்ற சில விஷயங்களும் இதைத்தான் செய்யும். மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல், ப்ரோட்டீனுக்காகச் சேர்க்கிற சோயா, கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை. கால்சியத்துக்கும் இரும்புக்கும் 4 மணி நேர இடைவெளி விடணும். இசப்கோலையும் சோயாவையும் காலையில வேண்டாம், மதியத்துக்கு மேல வச்சுக்கலாம். காலையில நேரமே ஒத்து வரலைன்னா, ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சுப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

உப்பு பத்தியும் ஒரு வார்த்தை. டயட் ஆரம்பிச்சதும் பலர் இந்துப்புக்கு மாறிடுறாங்க. அதுல நம்பி இருக்கிற அளவு அயோடின் கிடையாது. அயோடின் சேர்த்த சாதாரண உப்பே போதும். அதுக்காக அயோடின் மாத்திரை, கடல்பாசிப் பொடின்னு போகாதீங்க, அளவுக்கு மீறின அயோடினும் ஹாஷிமோட்டோவைக் கிளறிவிடலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவரைப் பத்திப் பயம் வேண்டாம். வேக வச்சு வழக்கமான அளவு சாப்பிட்டா பிரச்சினை இல்ல.

நம்ம தட்டுல எப்படிக் குறைக்கலாம்?

ஒரு நாளைக்கு 20ல இருந்து 50 கிராம் கார்ப்னா அது கீட்டோ. 130 கிராமுக்குக் கீழன்னா பொதுவா லோ கார்ப்னு சொல்றோம். ஒரு கப் சோத்துல சுமார் 45 கிராம். ஒரு இட்லியில சைஸைப் பொறுத்து 8ல இருந்து 12 கிராம். அப்ப மதியம் ரெண்டு கப் சோறு சாப்பிட்டாலே 90 கிராம் போயிடுது.

தைராய்டு மாத்திரை போடுறவங்க லோ கார்ப் இருக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. ஆனா கீட்டோ அளவுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்ல. மதியம் ரெண்டு கப் சோறு ஒரு கப்பாகட்டும். பொரியல், கூட்டு ரெண்டு மடங்காகட்டும். தட்டுல மீனோ, ரெண்டு முட்டையோ, பன்னீரோ இருக்கட்டும். சைவம்னா சுண்டலும் பருப்பும் தாராளமா எடுத்துக்கலாம். அதுல கார்ப் இருக்கு, ஆனா ப்ரோட்டீனும் நார்ச்சத்தும் சேர்ந்தே இருக்கு. சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட், மைதா, கூல்டிரிங்க்ஸ் இதைத்தான் முதல்ல வெட்டணும். கல்யாண வீட்டுல, அம்மா சமையல்ல, ஆபீஸ் கேன்டீன்ல, எங்க உட்கார்ந்தாலும் இப்படிச் சாப்பிட முடியும். வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட் பயிற்சியும் சேர்த்தா, இறங்குற எடையில தசை போறது குறையும்.

சிலர் கார்பைக் குறைக்கிறதுக்கு முன்னாடி கண்டிப்பா டாக்டரைப் பார்க்கணும். கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க, சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க, சாப்பாட்டுப் பழக்கத்துல ஏற்கெனவே மனரீதியா சிக்கல் இருந்தவங்க. முக்கியமா, சுகர் மாத்திரைகள்ல எஸ்.ஜி.எல்.டி.2 வகைன்னு ஒண்ணு இருக்கு. அதை எடுத்துகிட்டே கீட்டோ இருந்தா, சுகர் அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிற ஆபத்து இருக்கு. கொலஸ்ட்ராலையும் பார்த்துக்கோங்க. தைராய்டு குறைஞ்சாலும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், சிலருக்கு கீட்டோலயும் ஏறும்.

அந்தப் பத்து நாள்

இப்ப மறுபடி அந்த வாய்ஸ் நோட்டுக்கு வர்றேன். "பத்து நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா?" இந்தச் சோதனை ஏன் ஆபத்துன்னு சொல்றேன். லெவோதைராக்ஸின் உடம்புல பாதியா குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால பத்து நாள் நிறுத்தினா உங்களுக்குப் பெருசா எதுவும் தெரியாமப் போகலாம். "பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்"னு தோணும். பத்து நாள் ஒரு மாசமாகும், ஒரு மாசம் மூணு மாசமாகும். சோர்வும் வீக்கமும் எடையும் மெதுவா ஏறும்போது, அதை டயட் மேல பழி போடுவீங்க. ரொம்ப நாள் நிறுத்தினவங்கள்ல, அரிதாத்தான், ஆனா உயிருக்கே ஆபத்தான நிலை வரைக்கும் போகும்.

இந்த மாத்திரைக்கு முந்தின காலம் எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. தைராய்டு முழுசா செயலிழந்தவங்களைக் காப்பாத்த வழியே இல்லாம இருந்துச்சு. 1891ல இங்கிலாந்து டாக்டர் ஜார்ஜ் மர்ரே, 46 வயசுப் பெண் ஒருத்தருக்கு ஆட்டுத் தைராய்டுச் சாறை ஊசி மூலம் கொடுத்தார். அந்தம்மா அதுக்கப்புறம் 28 வருஷம் வாழ்ந்தாங்க. அந்தச் சாறோட இடத்துலதான் இப்ப உங்க கையில இருக்கிற அந்தச் சின்ன மாத்திரை இருக்கு.

அதனால நிறுத்துறதுக்குப் பதிலா இப்படிப் பண்ணுங்க. கடைசியா எப்ப டி.எஸ்.ஹெச். பார்த்தீங்கன்னு தேடுங்க. டயட் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பார்க்கலைன்னா, பயோட்டினை நிறுத்திட்டு டி.எஸ்.ஹெச்.சும் டி4மும் பாருங்க, கூடவே ரத்தச்சோகைக்கான பரிசோதனையும் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. டோஸ் மாத்தினா, அடுத்த பரிசோதனைக்கு 6ல இருந்து 8 வாரம் காத்திருக்கணும், அதுக்கு முன்னாடி எண் நிலைக்காது. எடை நிறைய குறைஞ்சா டோஸைக் குறைக்க வேண்டியும் வரலாம், அதையும் டாக்டர்தான் சொல்லணும். நடுவுல அந்த ஒரு கப் சோத்தை மறுபடி தட்டுல வைங்க, முட்டையும் காயும் கூடவே இருக்கட்டும். எடையைத் தினமும் பார்க்காம, வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க. இடுப்பளவை மாசத்துக்கு ஒரு தடவை டேப் வச்சு எழுதி வைங்க.

மூணு மாசத்துல ரெண்டு கிலோ கொழுப்பு குறைச்சிருக்கீங்க, அதுவும் இவ்வளவு குழப்பமான அறிவுரைக்கு நடுவுல. ரிப்போர்ட் வந்ததும் இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.